ஆட்டிசக் குழந்தையும் வகுப்பறையும்: ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

ஆட்டிச நிலை கொண்ட குழந்தைக்குப் பள்ளியிலும் சமூகத்திலும் துணைநிற்கும் முறைகள் அண்மைக்காலத்தில் உருவானவை என்னும் கருத்து பரவலாக உள்ளது. 1920-கள் தொடங்கி மாஸ்கோ, வியன்னா, மிசிசிப்பி, இலண்டன், வட கரோலினா ஆகிய இடங்களில் எழுதப்பட்ட மருத்துவ, கல்விப் பதிவுகளில் இம்முறைகளின் கூறுகள் தெளிவாகவே காணப்படுகின்றன. குழந்தை முன்னேறியதாகப் பதிவான இடங்களில் பெரும்பாலும் குழந்தையைச் சூழ்ந்திருந்தோரே முதலில் தம் நடைமுறையை மாற்றிக்கொண்டனர். அக்காலக் கோட்பாடுகளோ குழந்தையையோ தாயையோ மாறச் சொல்லின. இம்முரணை இக்கட்டுரை ஆராய்கின்றது.

திறவுச்சொற்கள்: ஆட்டிசம், சிறப்புக்கல்வி, உள்ளடக்கிய கல்வி, உடன்பயில்வோர், கானர், ஆஸ்பெர்கர், எல்கர், ஷாப்ளர்.

முன்னுரை

ஆட்டிசத்தின் வரலாறு இதுவரை பெரும்பாலும் மருத்துவர்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. முதலில் பெயரிட்டவர் யார், லியோ கானர் 1943-இல் வெளியிட்ட கட்டுரைக்கும் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் 1944-இல் வெளியிட்ட கட்டுரைக்கும் உள்ள தொடர்பு யாது, அவ்விருவர்க்கும் முந்தியவர் எவர் என்பனவே அவ்வரலாற்றின் முதன்மை வினாக்கள். மருத்துவரின் அறையை விட்டு வெளியேறிய குழந்தை மறுநாள் எந்தப் பள்ளிக்குச் சென்றது, அங்கு அதன் அருகில் அமர்ந்தவர் யார், ஆசிரியர் அதனிடம் எவ்வாறு பேசினார் என்னும் வினாக்கள் ஓரத்திலேயே நின்றன. எனினும் அம்மருத்துவர்களின் கட்டுரைகளிலேயே பள்ளி பற்றிய செய்திகள் நிறைய உள்ளன. அவற்றைத் தொகுத்து நோக்கின் வேறொரு வரலாறு புலப்படும்.

மாஸ்கோவும் வியன்னாவும்

உருசிய உளமருத்துவர் குரூன்யா சுகரேவா 1925-இல் உருசிய மொழியிலும், அடுத்த ஆண்டு ஜெர்மன் மொழியிலும் ஆறு சிறுவர்களைப் பற்றிய ஆய்வொன்றை வெளியிட்டார். 'ஆட்டிசம்' ஒரு தனி நிலையாக வரையறுக்கப்படாத காலம் அது. ஆயினும் அவர் வரைந்துள்ள சித்திரத்தை இன்றைய வாசகர் உடனே இனங்காண்பர். பிற சிறுவரோடு சேராது ஒதுங்குதல், ஒரே பொருளைப் பற்றி இடைவிடாது பேசுதல், கை கால் இயக்கத்தில் தடுமாற்றம், இசை முதலிய துறைகளில் தனித்திறன், உடன்பயில்வோரின் கேலிக்கு ஆளாதல் ஆகியவை அதில் இடம்பெற்றுள்ளன. சுகரேவா பணியாற்றிய இடம் மருத்துவமும் பள்ளியும் இணைந்த ஒன்று. உடற்பயிற்சி, ஓவியம், மரவேலை ஆகியவை அங்குக் குழுவாகக் கற்பிக்கப்பட்டன. அச்சிறுவர்கள் அச்சூழலில் படிப்படியாகப் பிறரோடு பழகத் தொடங்கியதை அவர் பதிவுசெய்தார். அக்கட்டுரை 1996-இல் சூலா உல்ஃப் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கும் வரை மேலை உலகில் பெரிதும் கவனிக்கப்படாமலேயே கிடந்தது.

வியன்னாப் பல்கலைக்கழகக் குழந்தைகள் மருத்துவமனையில் 1911-இல் எர்வின் லாசர் தொடங்கிய நலக்கல்விப் பிரிவும் ஏறத்தாழ இத்தகையதே. அங்குப் பணியாற்றிய ஆஸ்பெர்கர் 1944-இல் வெளியிட்ட கட்டுரையில் நான்கு சிறுவர்களை விரிவாக விவரித்தார். அவர்களுள் முதல்வனான ஃபிரிட்ஸ் பள்ளிக்குச் சென்ற முதல் நாளின் முடிவிலேயே கல்வி கற்பிக்க இயலாதவன் என முத்திரையிடப்பட்டு மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டவன். ஒரே நாளில் வழங்கப்பட்ட அத்தீர்ப்பைச் சிறப்புக்கல்வி வரலாற்றின் குறியீடாகவே கொள்ளலாம். தனிக் கற்பித்தல் அளிக்கப்பட்ட பின் அச்சிறுவன் தேர்வெழுதி, ஆண்டிழப்பு ஏதுமின்றி மூன்றாம் வகுப்பை எட்டினான் என்பதும் அதே கட்டுரையில் உள்ளது.

கற்பித்தலின் முறையை விளக்கும் பகுதியே அக்கட்டுரையில் மிகுந்த கவனத்திற்குரியது. ஆசிரியர் சினத்தையோ கொஞ்சலையோ காட்டாது அமைதியான குரலில் பேசுதல் வேண்டும். இதனைச் செய் எனத் தனிப்பட்ட ஆணையாகச் சொல்வதினும், இந்நேரத்தில் இது செய்யப்படுவது வழக்கம் எனப் பொதுவிதியாகச் சொல்லுதல் பயன் தரும். காலையில் எழுவது முதல் ஒவ்வொரு செயலும் வரிசையாக எழுதப்பட்ட கால அட்டவணையை இத்தகைய குழந்தைகள் ஏற்றுக்கொண்டு ஒழுகுவர். உடன்பயில்வோர் இவர்களைக் கேலிக்கும் தாக்குதலுக்கும் உள்ளாக்குவதையும் ஆஸ்பெர்கர் மறைக்கவில்லை. இன்றைய சிறப்பாசிரியர் பயிற்சியில் புதுமையாக அறிமுகப்படுத்தப்படும் பலவற்றின் வேர் இங்குக் கிடக்கின்றது.

இச்செய்தியை மற்றொரு செய்தியோடு சேர்த்தே படித்தல் வேண்டும். நாசி ஆட்சியில் வியன்னாவின் ஆம் ஸ்பீகல்குரூண்டு நிலையத்தில் ஏறத்தாழ 800 குழந்தைகள் உயிரிழந்தனர். அவர்களுள் பலர் திட்டமிட்டுக் கொல்லப்பட்டோர். அந்நிலையத்துக்கு ஆஸ்பெர்கர் குழந்தைகளைப் பரிந்துரைத்து அனுப்பியமையை ஹெர்விக் செக் 2018-இல் ஆவணங்களைக் கொண்டு நிறுவினார். கற்பிக்கத் தக்கவர், தகாதவர் என்னும் பிரிவினை ஒரு பள்ளியில் வெறும் நிர்வாகச் சொல்லாக இருக்கலாம். வேறோர் ஆட்சியில் அதே சொல் மரண ஆணையாயிற்று. வகுப்பறையில் அத்துணை நுட்பம் காட்டிய மருத்துவரே அப்பிரிவினைக்குத் துணைபோனார் என்பது இவ்வரலாற்றின் ஆறாத வடு.

ஃபாரஸ்ட் என்னும் சிற்றூர்

கானர் விவரித்த 11 குழந்தைகளுள் முதலாமவர் டொனால்ட். பின்னாளில் அவர் டொனால்ட் ட்ரிப்லெட் என உலகறிய அறியப்பட்டார். 1933-இல் மிசிசிப்பி மாநிலத்தின் ஃபாரஸ்ட் என்னும் சிற்றூரில் பிறந்தவர். நான்கு வயது நிறையுமுன் மருத்துவ அறிவுரைப்படி வீட்டிலிருந்து பிரித்து ஒரு நிலையத்தில் விடப்பட்டார். ஏறத்தாழ ஓராண்டில் அசைவின்றி அமர்ந்திருக்கும் நிலைக்கு ஆளானார். அங்கேயே இருக்கட்டும் என்று கூறிய நிலையத் தலைவரின் சொல்லை மீறிப் பெற்றோர் 1938-இல் அவரை மீட்டுவந்தனர். தந்தை தட்டச்சிட்ட 33 பக்கக் கடிதம் ஒன்று கானருக்குச் சென்றது. தாயின் கடிதங்களைக் கானர் தம் கட்டுரையிலேயே எடுத்தாண்டார். ஆட்டிசம் பற்றிய முதல் மருத்துவ விளக்கத்தின் பெரும்பகுதி பெற்றோரின் உற்றுநோக்கலே என்பதை நினைவிற்கொள்ளல் தகும். அப்பெற்றோரே பின்னர்க் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்பட்டனர்.

கானர் 1971-இல் அந்த 11 பேரின் பிற்கால வாழ்வை ஆராய்ந்து எழுதினார். முதல் கட்டுரையைப் போல அது புகழ்பெறவில்லை எனினும் கல்வியாளர்க்கு அதுவே பெரிதும் பயன்படுவது. 1942-இல், ஒன்பது வயதளவில், டொனால்ட் வீட்டிலிருந்து 10 மைல் தொலைவிலிருந்த ஓர் உழவர் தம்பதியரிடம் விடப்பட்டார். 1945-இல் அங்குச் சென்ற கானர் அத்தம்பதியரின் அறிவுக்கூர்மையைக் கண்டு வியந்தார். எதனையும் அளந்துகொண்டே இருக்கும் சிறுவனிடம் ஒரு கிணறு தோண்டும் பணியைத் தந்து அதன் ஆழத்தை அளந்து சொல்லச் செய்தனர். சோளப் பயிரின் வரிசைகளை மீண்டும் மீண்டும் எண்ணியவனிடம் ஏரைக் கொடுத்து, உழுதுகொண்டே எண்ணச் சொன்னார்கள். இறந்த பறவைகளையும் பூச்சிகளையும் சேகரித்தபோது அவற்றைப் புதைக்க ஓர் இடம் ஒதுக்கிப் பெயர்ப்பலகை எழுதி நடச் செய்தனர். சிறுவன் ஒவ்வோர் உயிருக்கும் பெயர் சூட்டி, அவ்வுழவரின் குடும்பப் பெயரையும் சேர்த்து எழுதினான். அக்குடும்பத்தில் தனக்கு இடமுண்டு என்பதை அவன் அறிந்திருந்தமைக்கு இதனினும் தெளிவான சான்று தேவையில்லை.

அத்தம்பதியர் உளவியல் கற்றோர் அல்லர். ஒரு பழக்கத்தை ஒழிக்க முயலாது, அதற்கு வீட்டு வேலையில் ஓர் இடம் தேடித் தந்தனர். பிற்காலக் கல்வியியல் குழந்தையின் ஈடுபாட்டை அடியாகக் கொண்டு கற்பித்தல் என்று பெயரிட்டு வளர்த்தெடுத்த முறையும் இதுவே. அவ்வூர்ப்புறப் பள்ளியில் டொனால்டின் விசித்திரப் பழக்கங்கள் ஏற்றுக்கொள்ளப்பட்டன என்றும், படிப்பில் அவர் நன்கு முன்னேறினார் என்றும் கானர் குறிப்பிடுகின்றார். ஏற்றுக்கொள்ளப்பட்டன என்னும் அச்சிறு தொடருக்குள் ஆசிரியர், உடன்பயில்வோர் என எத்தனை பேரின் அன்றாடப் பொறுமை அடங்கியுள்ளது என்பதைக் கானர் விரித்துரைக்கவில்லை. 2010-இல் ஜான் டான்வன், கேரன் சக்கர் ஆகிய இதழாளர்கள் ஃபாரஸ்ட் மக்களைச் சந்தித்து எழுதியபோதே அது ஓரளவு வெளிப்பட்டது. டொனால்டுக்கு எவரேனும் தீங்கிழைத்தால் சும்மா விடமாட்டோம் என்னும் பொருள்பட ஊரார் அவர்களை எச்சரித்தனர். டொனால்ட் 1958-இல் கல்லூரிப் பட்டம் பெற்றார், ஊர் வங்கியில் பணிபுரிந்தார், கோல்ஃப் ஆடினார், உலகின் பல நாடுகளுக்குத் தனியே பயணம் செய்தார். 2023-இல் 89-ஆம் வயதில் மறைந்தார்.

இதற்கு மறுதலையான செய்தியும் 1971-ஆம் ஆண்டுக் கட்டுரையில் உள்ளது. அரசு மனநல மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்ட குழந்தைகள் முன்பு பெற்றிருந்த திறன்களையும் இழந்தனர். அச்சேர்க்கை ஆயுள் தண்டனைக்கு ஒப்பாயிற்று என்பது கானரின் துணிபு. ஆயினும் ஃபாரஸ்டை ஒரு பொற்காலக் கிராமமாகக் காட்டுதல் பிழையாகும். டொனால்டின் தாய்வழிக் குடும்பம் ஊரின் வங்கியை உடையது. மிசிசிப்பியின் பள்ளிகள் அப்போது நிறத்தால் பிரிக்கப்பட்டிருந்தன. அதே ஊரில் அதே இயல்புகளோடு பிறந்த ஒரு கறுப்பினக் குழந்தைக்கு இதே பொறுமை வாய்த்திருக்கும் என்று கொள்வதற்கு இடமில்லை. ஊர் ஏற்றுக்கொண்டது என்னும்போது யாரை ஏற்றுக்கொண்டது என்றும் கேட்டாக வேண்டும்.

தாயின் மீது சுமத்தப்பட்ட பழி

வகுப்பறைகளும் வயல்களும் இவ்வாறு சில உண்மைகளைக் கண்டறிந்திருந்த காலத்திலேயே கோட்பாடு வேறு திசையில் சென்றது. பெற்றோரின் குளிர்ந்த மனநிலை பற்றிக் கானரே 1940-களின் இறுதியில் எழுதினார். அதனை முழுமையான கொள்கையாக வளர்த்தவர் சிகாகோவில் ஆர்த்தோஜெனிக் பள்ளியை நடத்திய புரூனோ பெட்டல்ஹைம். 1967-இல் வெளிவந்த அவரது நூல் குழந்தையின் ஒதுக்கத்திற்குத் தாயின் வெறுப்பே காரணம் என வாதிட்டது. அவர் நடத்திய பள்ளியில் பெற்றோர் குழந்தையிடமிருந்து விலக்கி வைக்கப்பட்டனர்.

இக்கொள்கை பள்ளிக்கு விளைத்த தீங்கு போதிய அளவு பேசப்படவில்லை. காரணம் தாயின் மனத்தில் உள்ளது எனின் எழுத்தும் எண்ணும் கற்பிப்பது இரண்டாம் நிலைப் பணியாகிவிடும். குழந்தையின் உள்மனம் திறக்கும் வரை காத்திருப்பதே ஆசிரியரின் கடமையாகும். குழந்தையை நாள்தோறும் அறிந்த தாயின் அறிவும் பயனற்றதாக ஒதுக்கப்படும். உளவியலாளரும் ஆட்டிசச் சிறுவனின் தந்தையுமான பெர்னார்டு ரிம்லண்டு 1964-இல் வெளியிட்ட நூல், ஆட்டிசம் உடலியல் அடிப்படை கொண்டது என வாதிட்டு இக்கொள்கையை அசைத்தது. 1969-இல் பெற்றோர் கூட்டமொன்றில் கானரும் அவர்கள்மீது குற்றமில்லை என அறிவித்தார்.

இலண்டனில் ஒரு நிலவறைப் பள்ளி

இங்கிலாந்தின் 1944-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் சில குழந்தைகளைப் பள்ளிக் கல்வி பெற இயலாதோர் என அறிவிக்க இடமளித்தது. அவ்வாறு அறிவிக்கப்பட்ட குழந்தை கல்வித்துறையிலிருந்து நீக்கப்பட்டு நலவாழ்வுத் துறையின் பொறுப்பாகிவிடும். 1970-ஆம் ஆண்டுச் சட்டம் 1971 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பின்னரே எந்தக் குழந்தையும் கல்விக்குப் புறம்பானதன்று என்னும் நிலை சட்டப்படி உருவாயிற்று.

அதற்கு முன்பே பெற்றோர் செயலில் இறங்கிவிட்டனர். 1962-இல் அவர்கள் இலண்டனில் சங்கம் ஒன்றை அமைத்தனர்; அதுவே இன்றைய தேசிய ஆட்டிசச் சங்கம். நிறுவியோருள் ஒருவரான லோர்னா விங் உளமருத்துவர். ஆட்டிச மகள் ஒருத்தியின் தாயும் ஆவார். ஏறத்தாழ அதே காலத்தில் மாண்டிசோரிப் பயிற்சி பெற்ற சிபில் எல்கர் தம் வீட்டின் நிலவறையில் சில ஆட்டிசக் குழந்தைகளுக்குப் பாடம் நடத்தத் தொடங்கினார். 1965-இல் சங்கத்தின் சார்பில் ஈலிங்கில் பள்ளி நிறுவப்பட்டு அவர் அதன் தலைமையை ஏற்றார். பின்னர் அவர் பெயரையே அப்பள்ளி பெற்றது. கையாளத்தக்க பொருள்கள், தெளிவான வரிசை, உறுதியான, ஆனால் கடுமையற்ற நடத்தை ஆகியவற்றால் அவர் கற்பித்தார். குழந்தை தானே வெளிவரும் எனக் காத்திருக்கவில்லை.

இவ்வணுகுமுறையின் பயனை அளந்து காட்டியவர்கள் மைக்கேல் ரட்டரும் லாரன்ஸ் பார்டாக்கும். 1973-இல் வெளிவந்த அவர்தம் ஆய்வு மூன்று வகைப் பிரிவுகளை ஒப்பிட்டது. உளப்பகுப்பாய்வை முதன்மையாகக் கொண்டு பாடம் குறைவாக நடத்தியது ஒன்று. இரண்டையும் கலந்து தளர்வாக நடத்தியது மற்றொன்று. ஒழுங்கமைந்த கற்பித்தலை மையமாகக் கொண்டது மூன்றாவது. வாசிப்பிலும் கணக்கிலும் மூன்றாம் பிரிவினரே முந்தினர். பள்ளியில் பெற்ற பயன் வீட்டு நடத்தைக்குப் போதிய அளவு பரவவில்லை என்பதையும் அவ்வாய்வு வெளிப்படுத்தியது. வெற்றியைக் கூறும் ஆய்வேடுகளில் இத்தகைய நேர்மை அரிது. அக்குறையே அடுத்த கட்டத்திற்கு வழி வகுத்தது.

பெற்றோரே உடன் ஆசிரியர்

எரிக் ஷாப்ளர் சிகாகோப் பல்கலைக்கழகத்தில் பயின்று, பெட்டல்ஹைமின் கருத்துகளை அருகிருந்து அறிந்து, அவற்றை முற்றாக மறுத்தவர். 1966 முதல் வட கரோலினாவின் சேப்பல் ஹில்லில் ராபர்ட் ரெய்க்லருடன் இணைந்து அவர் நடத்திய திட்டத்தில் தாயும் தந்தையும் உடன் ஆசிரியராகப் பயிற்சி பெற்றனர். பெற்றோர் பலியாடுகளாக்கப்படுவதைக் கண்டித்து 1971-இல் அவர் தனிக்கட்டுரையே எழுதினார். ஒழுங்கமைந்த சூழலில் குழந்தைகள் மேலும் சிறப்பாகக் கற்றனர் என்றும், வளர்ச்சியில் பின்தங்கிய குழந்தைக்கே அவ்வொழுங்கு மிகுதியும் தேவைப்பட்டது என்றும் அதே ஆண்டில் வெளியான அவரது குழுவின் ஆய்வு காட்டியது. 1972-இல் மாநிலச் சட்டமன்றம் அதனை மாநிலம் முழுமைக்குமான திட்டமாக ஏற்றது. 'டீச்' என்னும் பெயரால் இன்று உலகெங்கும் அறியப்படுவது அதுவே.

அவ்வகுப்பறையில் குழந்தை அமரும் இடமும் விளையாடும் இடமும் கண்ணால் பிரித்தறியுமாறு அமைக்கப்படும். நாளின் நிகழ்வுகள் படங்களாகச் சுவரில் வரிசைப்படுத்தப்படும். செய்ய வேண்டிய வேலை இடப்புறத்தும், முடித்த வேலை வலப்புறத்தும் வைக்கப்படும். வேலை எவ்வளவு, எப்போது முடியும், அடுத்து யாது என்பதைக் குழந்தை எவரையும் கேளாமலேயே அறியும். வியன்னாவின் எழுத்துவடிவக் கால அட்டவணை இங்குப் படவடிவம் பெற்றது எனலாம்.

பிரித்தறிய இயலாமை என்னும் அளவுகோல்

ஐவார் லோவாஸ் 1987-இல் வெளியிட்ட ஆய்வு இப்போக்கிற்கு எதிரான வினாவை மீண்டும் எழுப்பியது. வாரத்திற்கு 40 மணிநேரம் தீவிர நடத்தைப் பயிற்சி பெற்ற 19 குழந்தைகளுள் 9 பேர் இயல்பான நிலையை எய்தினர் என்பது அதன் முடிவு. வழக்கமான முதல் வகுப்பைத் துணையின்றி நிறைவுசெய்தலும் நுண்ணறிவுச் சோதனையில் இயல்பான மதிப்பெண் பெறுதலும் அதற்கு அளவுகோல்கள். குழந்தையின் ஆட்டிச நிலை பள்ளியில் தெரியவந்தால் வேறு பள்ளிக்கு மாற்றுமாறு பெற்றோர்க்கு அறிவுரை கூறப்பட்டது. அத்திட்டத்தின் தொடக்கக் கட்டங்களில் உரத்த அதட்டலும் தொடையில் அறைதலும் இடம்பெற்றன. அம்முடிவுகள் எண்ணற்ற பெற்றோர்க்கு நம்பிக்கை அளித்தன; மொழியையும் தற்பேணலையும் சிறுசிறு படிகளாகப் பிரித்துக் கற்பிக்கலாம் என்பதை மெய்ப்பித்தன. இவற்றை மறுப்பதற்கில்லை. ஆனால் இவ்வளவுகோலின்படி பள்ளி எதனையும் அறிய வேண்டியதில்லை. எதனையும் மாற்ற வேண்டியதுமில்லை. மாற்றத்தின் முழுச்சுமையும் நான்கு வயதுக் குழந்தையின் தோளில் ஏறுகின்றது.

ஏறத்தாழ அதே காலத்தில் பிலிப் ஸ்ட்ரெய்ன் எதிர்த்திசையில் முயன்றார். ஆட்டிசக் குழந்தையை விளையாட்டுக்கு அழைப்பது, பொருளைப் பகிர்வது, மறுமொழி வரும்வரை விடாது முயல்வது ஆகியவற்றை உடன்பயிலும் குழந்தைகளுக்கு அவர் கற்பித்தார். 1980-களின் தொடக்கத்தில் பிட்ஸ்பர்க்கில் உருவான அவரது மழலையர் பள்ளியில் இருசாராரும் ஒருங்கே பயின்றனர். ஃபாரஸ்டின் ஊர்ப்புறப் பள்ளியில் தற்செயலாக நிகழ்ந்தது இங்குப் பாடத்திட்டமாயிற்று. ஆட்டிச ஆய்வாளரும் தாமே ஆட்டிசருமான டேமியன் மில்டன் 2012-இல் இதற்கொரு கோட்பாட்டு வடிவம் தந்தார். ஆட்டிசர் பிறரைப் புரிந்துகொள்ள இடர்ப்படுவது போலவே பிறரும் ஆட்டிசரைப் புரிந்துகொள்ள இடர்ப்படுகின்றனர். குறை இருபாலும் உள்ளது என்பது அவர் கருத்து.

சொல்லும் சட்டமும்

தமிழில் இந்நிலையைக் குறிக்கும் சொற்களும் இவ்வரலாற்றின் சுவடுகளைத் தாங்கியுள்ளன. தமிழக அரசு வழக்கில் 'புறஉலகச் சிந்தனையற்றோர்' என்னும் தொடர் இடம்பெறுகின்றது. 'மதியிறுக்கம்' என்பதும் வழங்குகின்றது. முன்னையது, 1910-களில் ஆய்கென் பிளாய்லர் மனச்சிதைவு நோயாளரின் ஒதுக்கத்தைக் குறிக்க 'ஆட்டிசம்' என்னும் சொல்லை உருவாக்கிய காலத்துப் பொருளைச் சார்ந்தது. சோள வரிசைகளை எண்ணிய சிறுவன் புறவுலகைப் பிறரினும் நுணுக்கமாகவே கவனித்தான். கைவிடப்பட்ட ஒரு கோட்பாடு கலைச்சொல்லின் வழியே பள்ளிப் பதிவேட்டில் நிலைத்துவிடும்போது, அதனைப் படிக்கும் ஆசிரியரின் எதிர்பார்ப்பையும் அது வரையறுத்துவிடுகின்றது.

இந்தியச் சட்டத்தில் ஆட்டிசம் காலந்தாழ்ந்தே இடம்பெற்றது. 1995-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் ஏழு வகைகளைக் கூறியது. ஆட்டிசம் அவற்றுள் இல்லை. 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டம் அதனைப் பெயர் சுட்டி ஏற்றது. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தில் 2012-இல் செய்யப்பட்ட திருத்தம் இக்குழந்தைகளையும் அதன் வரம்புக்குள் கொணர்ந்தது. பன்முகக் குறைபாடோ கடுமையான குறைபாடோ உடைய குழந்தை வீட்டிலிருந்தே கல்வி பெறத் தெரிவு செய்யும் உரிமையையும் அத்திருத்தம் அளித்தது. உரிமை என்னும் பெயரில் அமைந்த இவ்விதியைச் சேர்க்க விரும்பாத பள்ளியொன்று வெளிவாயிலாகக் காட்டவும் இடமுண்டு. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைகளுள் ஒன்றாக ஆட்டிச நிறமாலைக் குறைபாட்டைச் சேர்த்தது. அதன் 16-ஆம் பிரிவு, முழுமையான உள்ளடக்கத்தை நோக்கமாகக் கொண்டு, கல்வி வளர்ச்சியோடு சமூக வளர்ச்சியையும் பெருக்கும் சூழலில் ஆதரவு அளிப்பதைக் கல்வி நிறுவனங்களின் கடமையாக்குகின்றது. ஆசிரியர்க்கான பயிற்சியை 17-ஆம் பிரிவு கூறுகின்றது. உடன்பயில்வோரை ஆயத்தப்படுத்தும் பணி எவருடையது என்பதை இவ்விரு பிரிவுகளும் வெளிப்படையாகச் சுட்டவில்லை.